911க்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கிங் கவுண்டித் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில், பெல்வியூ, சமாமிஷ், ரென்டன் என்று எங்கே குடியிருந்தாலும் நாம் கிங் கவுண்டிக்காரர்கள்தான். ஃபோன் பில்லில் வரும் 911 வரி, சொத்து வரிச் சீட்டில் வரும் லெவிகள் எனும் கூடுதல் வரிகள், நவம்பர் தேர்தலுக்காக வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டு இவற்றைப் பற்றி நண்பர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆபத்தில் நாம் அழைக்கும் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரியா?

பரப்பளவில் அப்படித் தோன்றும், ஆட்சிமுறையில் அப்படி இல்லை. இங்கே கலெக்டர் கிடையாது. கவுண்டியின் தலைமை நிர்வாகியையும் ஒன்பது பேர் கொண்ட கவுன்சிலையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கிங் கவுண்டிக்குள் 39 நகரங்கள் இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறக்குறைய 22.7 லட்சம். நீதிமன்றம், சிறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ்), பொதுச் சுகாதாரம், தேர்தல் நடத்துவது எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. இவற்றில் பலவற்றைச் செய்தே ஆக வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. பணம் குறைவாக இருக்கிறது என்று சிறையையோ நீதிமன்றத்தையோ கவுண்டியால் மூடிவிட முடியாது.

அமெரிக்கா முழுக்க இதே நிலை என்று நினைத்துவிட வேண்டாம். கனெக்டிகட், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் கவுண்டி அரசு என்பதே கிடையாது. ரோட் ஐலண்டில் மாநிலம் முழுவதற்கும் 911 அழைப்புகளை மாநில அரசே எடுக்கிறது.

911ஐ அழைத்தால் யார் எடுக்கிறார்கள்? கவுண்டி முழுக்க ஒரே அறையா?

இல்லை. ஒரே கவுண்டிக்குள் பல மையங்கள் இருக்கின்றன. பெல்வியூ, கிர்க்லாண்ட் பக்கம் அழைத்தால் நார்காம் என்ற மையம் எடுக்கும். அது அந்த வட்டார நகரங்களும் தீயணைப்புத் துறைகளும் சேர்ந்து நடத்துவது. கென்ட், ரென்டன், ஆபர்ன், ஃபெடரல் வே பக்கம் வேலி காம். சியாட்டிலுக்குத் தனி மையம். இந்த மையங்களை எல்லாம் இணைக்கும் தொலைபேசி வலையமைப்பையும், 911 வரியில் வரும் பணத்தையும் கவுண்டியின் 911 திட்ட அலுவலகம் பார்த்துக்கொள்கிறது.

சமாமிஷ் விஷயம் கொஞ்சம் வேறு. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் அந்த நகரத்துக்குச் சொந்தப் போலீஸ் துறை இல்லை. ஷெரிஃப் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டுகிறது. வண்டியில் சமாமிஷ் போலீஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பவர் கவுண்டி ஷெரிஃபின் ஆள். அதனால் அங்கிருந்து போகும் 911 அழைப்பை ஷெரிஃப் துறையின் மையம் எடுக்கிறது. நெஞ்சுவலி, தீ என்றால் அழைப்பு இன்னொரு மையத்துக்கு மாற்றப்படும். "ஒரு நிமிடம், மாற்றித் தருகிறேன்" என்றால் பதற்றத்தில் வைத்துவிடாதீர்கள். எங்கே இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் தொடர்பு துண்டித்துப்போனாலும் விலாசம் அவர்கள் கையில் இருக்கும்.

ஃபோன் பில்லில் வரும் 911 வரி எவ்வளவு?

மாதம் ஒரு இணைப்புக்கு 95 சென்ட். அதில் 25 சென்ட் மாநிலத்துக்கு, 70 சென்ட் கவுண்டிக்கு. இந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது 2011ல். வீட்டில் நான்கு செல்ஃபோன் இருந்தால் மாதம் 3 டாலர் 80 சென்ட், வருடத்துக்கு 45 டாலர் 60 சென்ட். ப்ரீபெய்ட் கார்டு வாங்கினால் கடையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

சில பேருக்கு பில்லில் இன்னொரு 40 சென்ட் கண்ணில் பட்டிருக்கும். அது 988க்கு. கீழே சொல்கிறேன்.

சரி, அந்தப் பணத்தில்தான் 911 ஓடுகிறதா?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அது இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

911 மையத்தில் ஒரு நாற்காலியை எடுத்துக்கொள்வோம். அதில் இரவும் பகலும் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஊழியர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்ப்பார். வகுத்துப் பார்த்தால் 4.2 பேர். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி நாட்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு நாற்காலிக்கு ஐந்து பேருக்கு மேல் தேவை. ஒரு மையத்தில் அப்படி எத்தனை நாற்காலிகள்! அழைப்பை எடுப்பவர், போலீசுக்கு வானொலியில் பேசுபவர், தீயணைப்புக்குப் பேசுபவர், மேற்பார்வையாளர் என்று வரிசையாகப் போகும். ஐந்தைந்து பேருக்கும் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு.

70 சென்ட் இதைத் தாங்காது. அழைப்பைச் சரியான மையத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வலையமைப்பு, வரைபடம், கருவிகள், மையங்களுக்கு ஒரு பங்கு உதவித்தொகை, இந்த அளவுக்குத்தான் அது எட்டும். மற்றபடி ஃபோனை எடுத்து "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கும் மனிதரின் சம்பளத்தில் பெரும்பங்கு நகரங்களும் ஷெரிஃப் துறையும் தீயணைப்புத் துறைகளும் தங்கள் பட்ஜெட்டிலிருந்து கொடுப்பது. அதாவது நம் சொத்து வரியும் விற்பனை வரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வரி சதவீதம் இல்லை, நிலையான தொகை. உங்கள் ஃபோன் பில் இரட்டிப்பானாலும் 70 சென்ட் 70 சென்ட்தான். ஊழியர் சம்பளமும் மென்பொருள் உரிமக் கட்டணமும் வருடா வருடம் ஏறும். 2011ல் வைத்த தொகையால் இன்றைய செலவை எப்படிச் சமாளிப்பது? ஆள் குறைப்பதில் போய் நிற்காமல் இருக்க வேண்டுமானால் வேறெங்கிருந்தாவது பணம் வந்தாக வேண்டும்.

சொத்து வரி ஏறிக்கொண்டேதானே போகிறது? கவுண்டியிடம் ஏன் பணம் இல்லை?

நியாயமான கேள்வி. நாமெல்லாம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டும் தொகையைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தத் தொகையில் பள்ளி, மாநிலம், நகரம், துறைமுகம், நூலகம் என்று பல பங்கு இருக்கிறது. கவுண்டிக்குப் போவது அதில் ஒரு துண்டு மட்டும்.

அந்தத் துண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு உள்ளாட்சி அமைப்பு தன் வழக்கமான சொத்து வரி வருவாயை, புதுக் கட்டடங்களால் வருவதைத் தவிர்த்து, ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. 2001ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய கட்டுப்பாடு இது. நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகு 2007ல் சட்டமன்றமே மறுபடி கொண்டுவந்தது. விலைவாசி 8 சதவீதம் ஏறிய 2022லும் இந்த வரம்பு 1 சதவீதமாகவே இருந்தது. வீட்டு மதிப்பு ஏறினால் கவுண்டிக்குக் கொட்டுகிறது என்பது தவறான எண்ணம். மதிப்பு ஏறும்போது வரி விகிதம் அதற்கேற்ப இறங்கிவிடும்.

கவுண்டியின் பொதுநிதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஷெரிஃப், சிறை, நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகம் இவற்றுக்கே போய்விடுகிறது. ஆக, பற்றாக்குறை வந்தால் அடி விழுவது பாதுகாப்பின் மேல்தான், இல்லையென்றால் அதற்கு வெளியே இருக்கும் சின்னச் சின்ன சேவைகளின் மேல். 2025ல் மாநிலச் சட்டமன்றம் கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் 0.1 சதவீத விற்பனை வரியைப் பொதுப் பாதுகாப்புக்காகப் போட அனுமதி கொடுத்தது. கிங் கவுண்டி கவுன்சில் அந்த ஆண்டே அதை நிறைவேற்றியது. அதுவும் வரிதான், அரிசி பருப்பு வாங்குவதைத் தவிர மற்ற எல்லாக் கடைகளிலும் நம் கையிலிருந்து போவது. ஏழை பணக்காரர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் வாங்கும் விற்பனை வரியைவிட, வீட்டு மதிப்பைப் பார்த்து வாங்கும் லெவி மேல் என்பது என் கருத்து.

லெவி என்றால் என்ன? தேர்தல் சமயத்தில் வருவது?

குறிப்பிட்ட வேலைக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, வாக்காளர்கள் ஒப்புக்கொண்டு போடும் கூடுதல் சொத்து வரி. ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வானொலி அமைப்பை இந்தக் கவுண்டி 1990களில் போட்டது. இருபது வருடத்தில் அதற்கு உதிரி பாகம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. மலைப் பக்கத்திலும் பெரிய கட்டடங்களுக்கு உள்ளேயும் சிக்னல் சரியாக எட்டவில்லை. 911 மையத்தில் எவ்வளவு வேகமாக ஃபோனை எடுத்தாலும், தெருவில் இருப்பவருக்குச் சொல்ல வானொலி வேலை செய்யாவிட்டால் என்ன பயன்? புதிய அமைப்புக்காக 2015 ஏப்ரலில் ஒரு லெவியை மக்கள் முன் வைத்தார்கள். வீட்டு மதிப்பில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 7 சென்ட், ஒன்பது வருடத்துக்கு, மொத்தம் 27.3 கோடி டாலர் திரட்ட. 5 லட்சம் டாலர் வீடு என்றால் முதல் வருடம் 35 டாலர். மக்கள் ஒப்புக்கொண்டார்கள். இன்று 911 அறையிலிருந்து தீயணைப்பு வண்டிக்குப் போகும் குரல் அந்தப் பணத்தில் கட்டிய கோபுரங்கள் வழியாகத்தான் போகிறது.

இன்னொரு லெவி அவசர மருத்துவ உதவிக்கானது. 1979லிருந்து இருக்கிறது, சில வருடங்களுக்கு ஒருமுறை வாக்கெடுப்புக்கு வரும். 2019ல் ஒப்புக்கொள்ளப்பட்டது 1,000 டாலருக்கு 26.5 சென்ட், ஆறு வருடத்துக்கு. மெடிக் ஒன் என்று எழுதிய வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், அதற்கான பணம் இதிலிருந்துதான். இதயத்துடிப்பு நின்று விழுந்தவர்களைப் பிழைக்க வைப்பதில் கிங் கவுண்டிக்கு உலக அளவில் பெயர் இருக்கிறது. வண்டி வருவதற்குள் நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று ஃபோனிலேயே சொல்லித்தரும் முறையை 1980களின் தொடக்கத்திலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் இந்தக் கவுண்டியும் ஒன்று. இந்த லெவிகளுக்கு நான் முழு மனதோடு ஆதரவு.

911க்கு என்று வாங்கும் பணத்தை வேறு எதற்காவது செலவு செய்துவிடுவார்களா?

நம் மாநிலச் சட்டப்படி கவுண்டியின் 911 வரியை அவசர அழைப்பு அமைப்புக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். எல்லா மாநிலமும் இப்படி இல்லை.

நியூ ஜெர்சியில் மாதம் 90 சென்ட் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு 12 கோடி டாலருக்கு மேல் வருகிறது. பல ஆண்டுகளாக அதில் பெரும்பகுதி மாநிலத்தின் வேறு செலவுகளுக்குப் போனது. அழைப்பை எடுக்கும் கவுண்டிகளும் ஊர்களும் தங்கள் சொத்து வரியிலிருந்து மையத்தை நடத்திக்கொண்டிருந்தன. எடிசன் பக்கம் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் இரண்டு தடவை பணம் கட்டியதற்குச் சமம் இது. நியூ யார்க்கில் செல்ஃபோனுக்கு மாதம் 1 டாலர் 20 சென்ட் மாநிலத்துக்கு. அதிலும் கணிசமான பங்கு பொதுநிதிக்குப் போகிறது.

2008ல் வந்த ஒன்றியச் சட்டம் ஒன்று, ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு வாங்குகிறது, எதற்குச் செலவழிக்கிறது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கச் சொல்லி எஃப்.சி.சி. எனும் ஒன்றியத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. நியூ ஜெர்சி, நியூ யார்க் பெயர்கள் அதில் ஆண்டுக்கு ஆண்டு வந்தன. எந்தச் செலவு 911 செலவு, எது இல்லை என்று 2021ல் ஆணையம் விதியும் எழுதியது. 2019ல் ஒன்றிய அரசு 911 மேம்பாட்டுக்காக 10.9 கோடி டாலர் கொடுத்தபோது, வரியைத் திருப்பிவிடும் மாநிலங்கள் அதைப் பெறத் தகுதியில்லை என்று நிபந்தனை இருந்தது.

மக்களிடம் ஒரு காரணம் சொல்லிப் பணம் வாங்கி இன்னொன்றுக்குச் செலவழிப்பது வேறு எந்த வரியில் நடந்தாலும் தவறுதான். உயிர் போகும் நேரத்தில் அழைக்கும் எண்ணின் பெயரைச் சொல்லி வாங்கும்போது அது இன்னும் மோசம்.

911 எப்போதாவது வேலை செய்யாமல் போயிருக்கிறதா?

போயிருக்கிறது, இதே மாநிலத்தில். 2014 ஏப்ரல் 9 நள்ளிரவுக்குச் சற்று முன்பிலிருந்து மறுநாள் விடியற்காலை வரை, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம், வாஷிங்டன் மாநிலத்தில் 911ஐ அழைத்த பெரும்பாலோருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. புயலும் இல்லை, பூகம்பமும் இல்லை. கொலராடோ மாநிலம் எங்கிள்வுட் என்ற ஊரில் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் ஒரு தனியார் கணினி மையம் இருந்தது. அங்கே மென்பொருள் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கும். அந்த எண்ணுக்கு ஒரு உச்ச அளவு வைத்திருந்தார்கள். எண்ணிக்கை அந்த அளவைத் தொட்டதும் புதிய அழைப்புகளுக்கு எண் கொடுப்பதை மென்பொருள் நிறுத்திவிட்டது. மாற்று மையம் ஒன்று மயாமியில் தயாராக இருந்தது. ஆனால் கோளாறு என்றே கணினிக்குத் தெரியாததால் அழைப்புகள் அங்கே மாறவில்லை.

ஏழு மாநிலங்களில் 6,600க்கு மேற்பட்ட அழைப்புகள் சேரவில்லை. 1.1 கோடி மக்கள் வாழும் பகுதி அது. வீட்டுக்குள் ஒருவன் நுழைய முயன்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் 37 முறை அழைத்துப் பார்த்திருக்கிறார். எஃப்.சி.சி. விசாரித்து, இங்கே சேவை கொடுத்த செஞ்சுரிலிங்க் நிறுவனத்திடமிருந்து மட்டும் 1.6 கோடி டாலர் அபராதம் வாங்கியது.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, நேரில் பார்த்தே இராத ஒரு தூரத்து ஊரின் கணினியை நம்பி நம் கவுண்டி இருக்கிறது என்பது. ஒப்பந்தம் போடும்போதே மாற்று ஏற்பாட்டையும் அதை அடிக்கடி சோதித்துப் பார்ப்பதையும் எழுதி வாங்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழும் செலவு அதுதான், ஏனென்றால் நல்ல நாட்களில் அதன் பயன் யார் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்த தலைமுறை 911 என்கிறார்களே?

பழைய 911 செம்புக் கம்பித் தொலைபேசிக்காகக் கட்டப்பட்டது. 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் முதல் அழைப்பு போனபோது ஃபோன் என்றால் சுவரில் மாட்டியிருக்கும் ஒன்று, விலாசம் மாறாது. இப்போது வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை செல்ஃபோனிலிருந்து வருபவை. புதிய அமைப்பு இணைய நெறிமுறையில் ஓடும், இருப்பிடத்தை வைத்து அழைப்பை அனுப்பும், படம், காணொளி போன்றவற்றுக்கும் இடம் கொடுக்கும். நாடு முழுவதும் மாற்ற 950 கோடி முதல் 1,270 கோடி டாலர் வரை ஆகும் என்று 2018ல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மதிப்பீடு சொன்னது.

நமக்கு இதில் நேரடி லாபம் இருப்பிடம்தான். வாஷிங்டன் ஏரிக்கு இக்கரையில் நிற்பவரின் அழைப்பை அக்கரைக் கோபுரம் எடுத்துக்கொண்டால், அது வேறு மையத்துக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து மாற்றிவிடுவதற்குள் நேரம் போய்விடும். கோபுரத்தைப் பார்க்காமல் ஃபோன் இருக்கும் இடத்தைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்று செல்ஃபோன் நிறுவனங்களுக்கு 2024ல் எஃப்.சி.சி. உத்தரவு போட்டது.

கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, வண்டியை அனுப்பிவிட்டுக் கேட்கக் கூடாதா?

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அனுப்பிவிடுகிறார்கள். உங்களிடம் பேசுபவர் கேட்டதைத் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். அது வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்சரின் திரையில் உடனுக்குடன் தெரியும். நீங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது வண்டி கிளம்பியிருக்கலாம். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

நூறில் 90 அழைப்புகளை 15 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் தேசிய அளவுகோல். ஆள் பற்றாக்குறையில் அதைக் காப்பாற்றுவது சாதாரண வேலை இல்லை. குழந்தை மூச்சு விடவில்லை என்று அலறும் தாயிடம் பேசி முடித்த கையோடு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஒன்றிய அரசின் தொழில் பட்டியலில் இவர்கள் போலீஸ், தீயணைப்பு வீரர்களோடு வரவில்லை. அலுவலக உதவியாளர் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லி வருடக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாற்றத்தான் வேண்டும். நம் மாநிலம் 2022ல் இவர்களுக்கான பயிற்சி, சான்றிதழ் முறைக்குச் சட்டம் கொண்டுவந்தது நல்ல தொடக்கம்.

ஷெரிஃபை நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம்?

இப்போது இல்லை. 2020 நவம்பரில் கவுண்டியின் சாசனத்தைத் திருத்தி, ஷெரிஃபைத் தலைமை நிர்வாகி நியமித்துக் கவுன்சில் ஒப்புதல் தருவது என்று வாக்காளர்கள் மாற்றிவிட்டார்கள். 2022ல் முதல் நியமனம் நடந்தது. ஷெரிஃப் துறையின் கடமைகள் என்னென்ன என்பதைக் கவுன்சில் தீர்மானிக்கலாம் என்றும் அதே தேர்தலில் ஒரு திருத்தம் வந்தது. ஆகவே பாதுகாப்புக் கொள்கை பற்றி உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் உங்கள் பகுதிக் கவுன்சில் உறுப்பினரைத்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு ஓட்டு இல்லை, ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். நான் என்ன செய்ய முடியும்?

வாக்குச்சீட்டு குடிமக்களுக்கு மட்டும். பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கிங் கவுண்டியின் பட்ஜெட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போடுவது. தலைமை நிர்வாகி செப்டம்பர் கடைசியில் வரைவைக் கொடுப்பார். கவுன்சில் நவம்பரில் நிறைவேற்றும். நடுவில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்கும். சியாட்டில் மூன்றாம் அவென்யூவில் இருக்கும் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தின் 10ஆம் மாடியில் கவுன்சில் கூடுகிறது, வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை பிற்பகல். நேரில் போகலாம், இணையம் வழியாகவும் பேசலாம். விசா என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். பேசக் கிடைப்பது ஓரிரண்டு நிமிடம்தான். "எங்கள் பகுதி 911 மையத்தில் எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன? 15 விநாடிக்குள் எத்தனை சதவீதம் எடுக்கிறீர்கள்?" என்று இரண்டே கேள்வி கேட்டாலும் போதும்.

நகரக் கவுன்சில் கூட்டமும் அதே அளவுக்கு முக்கியம். மையத்துக்குக் கட்டும் பங்கு அங்கேதான் முடிவாகிறது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு அரங்கம் நிறைகிறது. அதில் பத்துப் பேர் பட்ஜெட் மாதத்தில் ஒரு மாலை அங்கே வந்து உட்கார்ந்தால் கவுன்சிலர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவர்கள் அழைத்தால்?

அழைக்கலாம். "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை மூன்றாவது ஆளாக இணைப்பார்கள். ஒன்றிய நிதி வாங்கும் அமைப்புகள் மொழியைக் காரணம் காட்டிச் சேவையை மறுக்கக் கூடாது என்பது 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தின் வழியாக வந்த கடமை. இணைக்கச் சற்று நேரம் ஆகும், அதனால் "தமிழ்" என்பதோடு "ஆம்புலன்ஸ்", "ஃபயர்", "போலீஸ்" ஆகியவற்றில் எது வேண்டும் என்பதையும் வீட்டு விலாசத்தையும் பெரியவர்களுக்குப் பழக்கிவைப்பது நல்லது. விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். குறுஞ்செய்தியாகவும் 911க்கு அனுப்பலாம், ஆனால் ஆங்கிலத்தில்தான்.

சேவைத் திட்டம் எதுவும் இல்லாத செல்ஃபோனிலிருந்தும் 911 போகும். ஆனால் அவர்களால் திருப்பி அழைக்க முடியாது. வாட்ஸ்அப்பிலிருந்து 911 போகாது.

ஆம்புலன்ஸ் பில்லுக்குப் பயந்து நாங்களே காரில் கூட்டிப்போனால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி, மூச்சுத் திணறல் என்றால் 911தான். அழைப்புக்குக் கட்டணம் இல்லை. தீயணைப்பு வண்டி வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கும் இல்லை, அதற்குத்தான் வருடம் முழுக்க வரி கட்டுகிறோம். ஆம்புலன்சில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பில் வரலாம், குறிப்பாகத் தனியார் ஆம்புலன்ஸ் என்றால். வந்து பார்த்தவர் "உயிருக்கு ஆபத்து இல்லை" என்று சொன்ன பிறகு எப்படிப் போவது என்பதை முடிவு செய்யலாம். பெற்றோருக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது ஆம்புலன்ஸ் அதில் சேருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

988 என்றால்?

தற்கொலை எண்ணம், மனநெருக்கடி இவற்றுக்கான எண். 2022 ஜூலை 16லிருந்து நாடு முழுக்க இருக்கிறது. அதற்காகத் தனி வரி போட்ட முதல் மாநிலங்களில் வாஷிங்டனும் ஒன்று. 2021ல் 24 சென்ட்டில் தொடங்கி 2023லிருந்து இணைப்புக்கு 40 சென்ட். பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். மனச்சோர்வில் இருப்பவர் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நிற்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் 911.

குழந்தை ஃபோனை எடுத்து 911ஐ அழுத்திவிட்டது. உடனே வைத்துவிடலாமா?

வைக்காதீர்கள். அபராதம் எதுவும் போட மாட்டார்கள். "தவறுதலாக அழுத்திவிட்டது, இங்கே ஆபத்து ஒன்றுமில்லை" என்று சொல்லி, அவர்கள் கேட்கும் ஓரிரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வையுங்கள். பாதியில் துண்டித்தால் அவர்கள் திருப்பி அழைக்க வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் ஒரு போலீஸ் வண்டியை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அந்த நாற்காலியும் அந்த வண்டியும் வேறு யாருக்கோ தேவைப்பட்டிருக்கும்.